குதிரைத்திறன் தராத வேகம்

அரிசோனா மாநிலத்தின் பார்க்கர் ஊரைவிட்டு 95ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால், இடப்பக்கம் கொலராடோ ஆறு கூடவே வருகிறது. அக்கரை கலிஃபோர்னியா. இரு கரையிலும் புல் முளைக்காத செம்பழுப்பு மலைகள். நடுவில், பாலைவனத்துக்குச் சற்றும் பொருந்தாத நீலத்தில் தண்ணீர். ஹெட்கேட் ராக் அணைக்கும் பார்க்கர் அணைக்கும் இடைப்பட்ட இந்த ஆற்றுத்துண்டை 'பார்க்கர் ஸ்ட்ரிப்' என்று அழைக்கிறார்கள். கரை நெடுக வீடுகள், வீட்டுக்கு வீடு மிதவைத்துறை, துறைதோறும் படகுகள். அவற்றில் பலவற்றின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டிய அவுட்போர்டு எஞ்சின் நிற்கிறது. இப்படிப்பட்ட ஒரு படகின் உச்ச வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று கேட்டால், உலகம் முழுக்க முதலில் வரும் பதில் ஒன்றுதான்: இன்னும் பெரிய எஞ்சினைப் பூட்டு. பார்க்கரிலிருந்து ஹவாசு ஏரி வழியாகத் தோப்பாக் பள்ளத்தாக்குவரை போகும் இந்த நீர்வழியோ வேறொரு பதிலைச் சொல்கிறது. அவுட்போர்டு எஞ்சினைச் சோதிப்பதற்கென்றே ஒரு நகரம் பிறந்த வழி இது. அந்த எஞ்சினால் எட்டிய உலகச் சாதனைகள் சில பதிவான வழியும் இதுவே. இங்கே கிடைக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், படகின் வேகத்தில் பெரும்பங்கு எஞ்சின் மூடிக்கு வெளியே, யாரும் அதிகம் பார்க்காத இடங்களில் கிடக்கிறது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதல் சான்று, வேகத்தை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. 1989இல் பந்தயப் படகோட்டி பாப் வார்டிங்கர் பார்க்கரில் அவுட்போர்டு படகை மணிக்கு 176 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 284 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். இத்தகைய சாதனைகளை ஒரே ஓட்டத்தை வைத்து ஏற்பதில்லை. ஒரே தூரத்தை எதிரெதிர் திசைகளில் இருமுறை ஓட்டி, இரண்டின் சராசரியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஆற்றோரம் நின்று பார்த்தாலே இதன் காரணம் விளங்கும். பார்க்கர் அணையில் மின்உற்பத்திக்காகத் திறக்கும் நீரின் அளவு நாள் முழுக்க மாறுகிறது. ஆற்றின் மட்டமும் ஓட்டமும் கூடவே மாறுகின்றன. நீரோட்டம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், ஓட்டத்தோடு போகும் படகுக்கு ஜி.பி.எஸ். 5 கிலோமீட்டர் கூட்டிக் காட்டும். எதிர்த்து வரும்போது 5 குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் நடுவே 10 கிலோமீட்டர் வித்தியாசம். புதுப் புரொப்பெல்லர் மாட்டி ஒருவர் அடையக்கூடிய லாபம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஆகவே காலையில் ஒரு திசையிலும் மாலையில் மறுதிசையிலும் ஓட்டிவிட்டு, மாற்றம் பலித்தது என்றோ பலிக்கவில்லை என்றோ சொல்வதில் பொருளில்லை. வேகம் தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் காசு செலவில்லாதது: இரு திசை ஓட்டம், ஒரே அளவு பெட்ரோல், ஒரே எண்ணிக்கையில் ஆட்கள், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் குறித்துவைக்க ஒரு நோட்டு. இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் அனுபவம்கூடத் தவறான பாடத்தைத்தான் கற்றுத்தரும்.

அளக்கத் தெரிந்தபின், எஞ்சினின் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம். 1920களின் புகழ்பெற்ற பந்தயப் படகுகளை வடிவமைத்த ஜார்ஜ் க்ரவுச்சின் பெயரால் வழங்கும் ஒரு சூத்திரத்தைப் படகு கட்டுவோர் இன்றும் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, படகின் அடிவடிவத்துக்குரிய ஒரு மாறிலியை அதனால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று வேகம் கிடைக்கும். சாதாரணப் படகுக்கு அந்த மாறிலி 150, வேகப் படகுக்கு 190, பந்தயப் படகுக்கு 210க்கும் மேல். எஞ்சின், பெட்ரோல், ஆட்கள் எல்லாம் சேர்த்து 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் 150 குதிரைத்திறன், மாறிலி 180. வேகம் மணிக்கு 79 கிலோமீட்டர் என்று வருகிறது. இப்போது 200 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டி, அதோடு கூடும் எடை 50 கிலோ என்று வைத்தால், வேகம் 89. திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்குக் கிடைத்தது 10 கிலோமீட்டர். பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு 100 கிலோ எடையை மட்டும் இறக்கினால் வேகம் 84. அடிப்புறத்தைச் சீராக்கி, எஞ்சின் உயரத்தையும் புரொப்பெல்லரையும் பொருத்தி மாறிலியை 180இலிருந்து 190க்கு உயர்த்தினாலும் 84 தான் வருகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தாலோ 89. பெரிய எஞ்சின் கொடுத்த அதே வேகம், பழைய எஞ்சினிலேயே. இது மதிப்பீட்டுச் சூத்திரம்தான். எந்தப் படகையும் கிலோமீட்டர் பிசகாமல் சொல்லிவிடாது. ஆனால் அது காட்டும் உறவு உறுதியானது: வேகம் குதிரைத்திறனின் வர்க்கமூலத்தோடுதான் நடக்கிறது. வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீரமைப்பையும் செய்து, பெரிய எஞ்சினையும் பூட்டினால் இரண்டு லாபமும் கிடைக்காதா? மெர்க்குரி நிறுவனம் 2021இல் 600 குதிரைத்திறன் கொண்ட 12 சிலிண்டர் அவுட்போர்டையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்ட காலத்தில், 150ஐ வைத்துக்கொண்டு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? கையில் பணமும் தாங்கக்கூடிய படகும் இருந்தால் இது சரிதான். ஆனால் பெரும்பாலான படகுகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் 20 அடிக்குட்பட்ட அவுட்போர்டு படகுகளில் அதிகபட்ச ஆட்கள், எடை, குதிரைத்திறன் மூன்றையும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பது விதி. குதிரைத்திறன் எண்ணைப் படகின் நீளத்தையும் பின்பலகையின் அகல உயரத்தையும் ஓட்டும் முறையையும் கருதி வைக்கிறார்கள். அதை மீறுவது உயிரோடு விளையாடுவது. இன்னொன்று, பெரிய எஞ்சின் பின்புறத்தில் கூட்டும் எடை படகின் சமநிலையையே மாற்றிவிடும். பின்முனையான அமரம் தாழ்ந்து, முன்முனையான அணியம் வானத்தைப் பார்த்து, படகு நீரின்மேல் எழவே திணறும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரமும் புரொப்பெல்லரும் தவறாக இருக்கும் படகில் புதிதாக வாங்கிய குதிரைத்திறனில் ஒரு பகுதி, பழைய திறன் வீணான அதே வழியில்தான் வீணாகப் போகிறது. ஆக, பெரிய எஞ்சின் வாங்க முடிந்தவருக்கும் முதல் வேலை சீரமைப்புதான்.

மீண்டும் சாலைக்கு வருவோம். பார்க்கர் அணையை 1934க்கும் 1938க்கும் இடையில் கட்டினார்கள். அணையின் உடலில் பெரும்பகுதி ஆற்றுப்படுகைக்குக் கீழே புதைந்திருக்கிறது. கெட்டியான பாறை கிடைக்கும்வரை அவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருந்தது. அதன் பின்னால் தேங்கிய நீர்தான் ஹவாசு ஏரி. தென் கலிஃபோர்னிய நகரங்களுக்கும், ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கும் தண்ணீர் இங்கிருந்தே போகிறது. சாலை ஏறி இறங்கி வடக்கே போனால் ஹவாசு ஏரி நகரம். மரம் அறுக்கும் சங்கிலி வாள் தயாரித்துப் பேர்போன ராபர்ட் மக்கல்லா, 1950களில் அவுட்போர்டு தொழிலுக்குள் நுழைந்தார். எஞ்சின்களைச் சோதிக்க இடம் தேடியவரின் கண்ணில் இந்த ஏரி பட்டது. சோதனைக் களமாகத் தொடங்கிய இடத்தில் 1963இல் நகரத்தையே நிறுவினார். 1968இல் லண்டன் மாநகரம் விற்பனைக்கு வைத்த பழைய லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1971இல் இங்கே திறந்துவைத்தார். உலகமே பேசுவது பாலத்தைப் பற்றித்தான். படகுக்காரர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய முடிவை. தொழிற்சாலைக்குள் மேடையில் எஞ்சினைப் பூட்டி அதன் திறனை அளந்துவிடலாம். அப்படியிருக்க, ஒரு தொழிலதிபர் எதற்காக ஏரி தேடிப் பாலைவனத்துக்கு வந்தார்? மேடையில் அளப்பது எஞ்சினை மட்டும்தான். நீர், அடிப்புறம், எடை, உயரம், புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்து அந்த எஞ்சினை என்ன செய்கின்றன என்பதை நீரில்தான் அளக்க முடியும். மெர்க்குரி நிறுவனர் கார்ல் கீக்ஹாஃபரும் தன் எஞ்சின்களுக்காக ஃபுளோரிடாவில் தனக்கென்று ஓர் ஏரியை வைத்துக்கொண்டது இதே காரணத்தால்தான்.

ஹவாசு நீரில் பதிவான ஒரு சாதனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பந்தயப் படகோட்டி ஹூபர்ட் என்ட்ராப் 1958இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ஆறு சிலிண்டர் மெர்க்குரி எஞ்சினை வைத்து மணிக்கு 107 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 173 கிலோமீட்டர் வேகம் கண்டார். 1960இல் ஹவாசு ஏரியில், எவின்ரூட் எஞ்சின் பூட்டிய படகில், 122 மைலைத் தாண்டினார். இன்று குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகும் படகில் பூட்டும் 150 குதிரைத்திறன் எஞ்சின் கொள்ளளவில் அந்த மெர்க்குரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. என்ட்ராப்பின் படகுகளோ ஹைட்ரோபிளேன் வகை: உச்ச வேகத்தில் மிகச் சிறிய பரப்பு மட்டுமே நீரைத் தொடும், எடை கசக்கிப் பிழிந்து குறைத்தது, புரொப்பெல்லரில் பாதி நீருக்கு மேலேயே சுழலும். குடும்பப் படகை அப்படி ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. ஆனால் வேகத்தின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். நீரைத் தொடும் பரப்பைக் குறை, இழுத்துப்போக வேண்டிய எடையைக் குறை, திறன் நழுவாமல் நீருக்குள் இறங்கச் செய். அந்தக் காலத்துச் சாதனையாளர்களுக்கு விலைகொடுத்து வாங்கப் பெரிய எஞ்சின் கிடைக்கவில்லை. அதனால் வேறு வழிகளையெல்லாம் தேடிப் பிடித்தார்கள்.

லண்டன் பாலத்தின் அடியில் ஓடும் கால்வாயில் அலையெழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். வேகப் படகுகள் எல்லாம் வரிசையாக மெல்ல நகரும் இந்த இடமும், படகுகளை டிரெய்லரிலிருந்து நீரில் இறக்கும் சரிவும், படகின் பின்புறத்தைக் கிட்டத்தில் பார்க்கத் தோதான இடங்கள். டிரெய்லரில் நிற்கும் படகின் பின்னால் குனிந்தால், எஞ்சினின் காலில் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு தட்டு தெரியும். மெக்கானிக்குகள் இதைக் காவிட்டேஷன் பிளேட் என்பார்கள். மேலிருந்து காற்று புரொப்பெல்லருக்குள் உறிஞ்சப்படாமல் தடுப்பது இதன் வேலை. படகின் அடிப்புறத்தில் ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பின்னோக்கி நீட்டினால், இந்தத் தட்டு சட்டத்துக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். கீழே நின்றால், எஞ்சினின் தடித்த கால் தேவைக்கு மேல் நீருக்குள் மூழ்கி வருகிறது. உச்ச வேகத்தில் நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அந்தக் காலில் ஒரு அங்குலம் மேலே ஏறினால்கூட ஜி.பி.எஸ்.இல் தெரியும். பல எஞ்சின்களின் பூட்டுத்துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருப்பது, ஒரு துளை மேலே ஏற்றிப் பார்ப்பதற்காகத்தான். பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஜாக் பிளேட் என்னும் தாங்கியை வைத்தால், எஞ்சின் சில அங்குலம் பின்னால் தள்ளிப் போகிறது. படகைவிட்டு விலகிய நீர் அங்கே சற்று மேலெழுந்து, கலக்கம் குறைந்து வருவதால் எஞ்சினை இன்னும் உயர்த்த முடிகிறது. இதற்கும் எல்லை உண்டு. அளவுமீறி ஏற்றினால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைக் குடித்துச் சும்மா சுழலும்; குளிர்விக்கும் நீரை இழுக்கும் துளைகள் வெளியே வந்து எஞ்சின் சூடேறும். அதனால் எஞ்சினை உயர்த்துகிறவர் நீரழுத்த மீட்டர் ஒன்றைப் பொருத்தாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

அதே குனிந்த நிலையில் அடிப்புறத்தையும் தடவிப் பார்க்கலாம். வேகத்தில் ஓடும் படகு நீரைத் தொடுவது கடைசிச் சில அடிகளில் மட்டுமே. அந்தப் பகுதி சட்டம் வைத்தாற்போல நேராக இருக்க வேண்டும். டிரெய்லர் தாங்கிகள் தவறான இடத்தில் அழுத்தி, பின்விளிம்புக்கு அருகே அடிப்புறம் உள்நோக்கிக் குழிந்திருந்தால், ஓட்டத்தில் அது அணியத்தைக் கீழே அமுக்கும். நனையும் பரப்பு கூடும், வேகம் குறையும். வெளிநோக்கிப் புடைத்திருந்தால் படகு துள்ளத் தொடங்கும். பின்பலகையோடு அடிப்புறம் சேரும் விளிம்பு கூர்மையாக இருந்தால் நீர் அங்கே பட்டென்று விட்டு விலகும். மழுங்கியிருந்தால் நீர் விளிம்பைச் சுற்றி மேலேறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். நீரிலேயே கிடக்கும் படகுக்கு இந்த ஆற்றில் இன்னொரு தொல்லை. 2007இல் மீட் ஏரியில் கண்டறிந்த குவாகா சிப்பி, அதே ஆண்டு ஹவாசுவிலும் பரவியிருப்பது தெரிந்தது. படகின் அடியிலும் எஞ்சின் காலிலும் ஒட்டிக்கொள்ளும். குளிர்நீர்த் துளைகளை அடைக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டிய அடிப்புறத்தை எந்த எஞ்சினாலும் சரிக்கட்ட முடியாது. ஏரியைவிட்டு வெளியேறும் படகைக் கழுவி, நீரை வடித்து, உலர்த்த வேண்டும் என்ற விதி அடுத்த ஏரியைக் காப்பதற்காக வந்தது. வேகம் விரும்புகிறவருக்கும் அதுவே நல்ல வழக்கம். எடையும் அப்படித்தான் கண்ணில் படாமல் ஏறுகிறது. 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 74 கிலோ. பழைய படகுகளின் தரைக்கடியில் நிரப்பிய நுரை நீரை உறிஞ்சினால், உரிமையாளர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் பாரம் கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது புரொப்பெல்லர். மரத்தில் திருகாணி ஒரு சுற்றில் எவ்வளவு இறங்குமோ, அதுபோல ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். 21 அங்குலப் பிட்ச், எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 1.87 என்றால், புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,940 சுற்று சுழலும். நழுவலே இல்லாவிட்டால் படகு மணிக்கு 94 கிலோமீட்டர் போக வேண்டும். ஜி.பி.எஸ். 79 காட்டினால் நழுவல் 16 சதவீதம். 84 காட்டினால் 11 சதவீதம்தான். வேகப் படகுக்கு நழுவல் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பொருத்தம் சரி எனலாம். கூடுதலாக இருந்தால், எஞ்சின் அதிக உயரத்தில் இருக்கிறதா, இலையின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா, எடை தவறான இடத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதிகப் பிட்ச் என்றால் அதிக வேகம் என்ற நம்பிக்கை படகுக்காரர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எஞ்சின் தயாரிப்பாளர் முழு த்ராட்டிலுக்கு ஒரு சுற்று வரம்பைக் குறித்திருப்பார். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது 5,000 முதல் 6,000. உச்சத் திறன் பிறப்பது அந்த வரம்பின் மேல்பகுதியில். பெரிய பிட்ச் மாட்டி எஞ்சின் 4,900இலேயே திணறி நின்றால், விலைகொடுத்து வாங்கிய குதிரைத்திறனில் ஒரு பகுதி வெளியே வரவே இல்லை என்று பொருள். எஞ்சினுக்கும் அது கேடு. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. இரண்டு அங்குலம் குறைத்து 5,250ஐத் தொட்ட படகு, முன்பைவிட வேகமாகப் போவது வியப்பில்லை. அலுமினியத்தைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இலையை மெல்லியதாக வார்க்கலாம், வேகத்தில் அது வளைந்துகொடுக்காது. அதன் பின்விளிம்பில் விரலால் தடவினால் தெரியும் சிறு வளைவுதான், எஞ்சினை உயர்த்திய பிறகும் நீரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கால்வாயைத் தாண்டித் திறந்த ஏரிக்கு வந்தால், மிச்சமிருக்கும் வேலை ஓட்டுகிறவரின் கட்டைவிரலில் இருக்கிறது. த்ராட்டில் பிடியில் உள்ள டிரிம் பொத்தான் எஞ்சினின் சாய்வை மாற்றுகிறது. கிளம்பும்போது எஞ்சின் படகோடு ஒட்டி உள்ளே இருக்க வேண்டும். அணியம் தாழ்ந்து, படகு சட்டென்று நீரின்மேல் எழும். எழுந்தபின் பொத்தானைச் சிறிது சிறிதாகத் தட்டி எஞ்சினை வெளியே சாய்க்கச் சாய்க்க, அணியம் தூக்கும், நனையும் பரப்பு பின்னோக்கிச் சுருங்கும், ஸ்டியரிங் லேசாகும், சுற்றும் வேகமும் சேர்ந்தே ஏறும். ஓர் இடத்தில் சுற்று மட்டும் ஏறி வேகம் நின்றுவிடும். அங்கிருந்து வெளியே சாய்த்த ஒவ்வொரு தட்டலும் நழுவலுக்குத்தான் போகிறது. அணியம் சீராக மேலும் கீழும் துள்ளத் தொடங்கினால், எல்லை தாண்டியாயிற்று. உள்ளே இழுத்துவிட வேண்டும். வி-வடிவ அடிப்புறம் கொண்ட படகு அதிவேகத்தில் பக்கவாட்டில் மாறி மாறி ஆடினால், அங்கே துணிச்சலுக்கு இடமில்லை. த்ராட்டிலைக் குறைப்பதே அறிவு. கண்ணாடி போலக் கிடக்கும் நீரைவிட, காற்று லேசாகச் சிலிர்க்கவைத்த நீரில் படகு வேகமாக ஓடும் என்பதையும் இங்கே காணலாம். சிற்றலைகளுக்கு இடையே புகும் காற்று அடிப்புறத்தின் ஒட்டலைக் குறைக்கிறது. ஒரே அமைப்புள்ள படகு காலையில் ஒரு வேகமும், காற்றெழுந்த பின் வேறொரு வேகமும் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குதிரைத்திறன் என்பது நிலையான எண் என்ற நம்பிக்கையை ஹவாசுவின் வெயில் உடைத்துவிடுகிறது. 1994 ஜூன் 29 அன்று இந்த நகரில் 53 பாகை செல்சியஸ் பதிவானது. அரிசோனா வரலாற்றிலேயே அதுதான் உச்சம். கோடையில் 45 பாகை இங்கே சகஜம். 15 பாகைக் குளிர்காலக் காலையோடு ஒப்பிட்டால், 45 பாகைக் காற்றின் அடர்த்தி 9 சதவீதத்துக்கும் மேல் குறைவு. காற்று குறைந்தால் ஆக்சிஜன் குறையும், திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நம் 150 குதிரைத்திறன் எஞ்சின் 136 ஆகிவிடுகிறது. 79 கிலோமீட்டர் 75 ஆகிறது. உயரமும் இதையே செய்யும்: கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீதத் திறன் போகும் என்பது பொதுக்கணக்கு. ஹவாசு ஏரி 450 அடி உயரத்தில் இருப்பதால் இழப்பு சொற்பம். 6,200 அடி உயரத்து டாஹோ ஏரிக்கு அதே படகைக் கொண்டுபோனால், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான திறன் காணாமல் போகும். பிட்ச் குறைத்த புரொப்பெல்லர் மாட்டாவிட்டால் எஞ்சின் தன் சுற்றைத் தொடவே தொடாது.  சாதாரண அவுட்போர்டு எஞ்சின்களுக்கு இதிலிருந்து தப்பில்லை. ஏப்ரலில் கண்ட வேகம் ஜூலையில் வரவில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டை போடுவதற்கு முன்பு, வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் எஞ்சின் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் ஏற்கெனவே பார்த்துத்தானே பூட்டியிருப்பார்கள் என்பது அடுத்த மறுப்பு. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சின் எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் தானே சீர்செய்துகொள்கிறது. அந்த அளவில் மறுப்பு சரி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரால் படகில் எத்தனை பேர் ஏறுவார்கள், ஐஸ் பெட்டி எங்கே இருக்கும், ஏரி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அறிந்து புரொப்பெல்லரை மாற்ற முடியாது. பின்பலகையில் தன்னை ஒரு துளை மேலே ஏற்றிக்கொள்ளவும் முடியாது. விற்பனையாளர் சராசரி வாடிக்கையாளரை மனத்தில் வைத்துப் பூட்டுகிறார். பிள்ளைகளை நீர்ச்சறுக்கில் இழுப்பவருக்கும், தனியாக அதிகாலையில் மீன்பிடிக்கப் போகிறவருக்கும் பொதுவாக, எதிலும் வம்பு வராதபடி எஞ்சினைச் சற்றுத் தாழ்வாக வைப்பது அவருக்குப் பாதுகாப்பு. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. தன் படகின் சுமையையும் ஓடும் நீரையும் நேரில் அறிந்தவர் அதன் உரிமையாளர் மட்டுமே; ஆகவே கடைசிப் பொருத்தம் அவர் கையில்தான் இருக்கிறது.

வடக்கே ஏரி குறுகித் தோப்பாக் பள்ளத்தாக்காகிறது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஆறு வளைந்து வரும் இந்தப் பகுதி ஹவாசு தேசிய வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தது; நாணல்களில் கொக்கும் நாரையும், பாறைகளில் பெருங்கொம்பு ஆடுகளும் வாழும் இடம். இங்கே வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இவ்விடத்தில்தான் மிகக் கனமான கேள்வி எழுகிறது: இத்தனை வேகம் எதற்கு? எரிபொருள் வீண், இரைச்சல், உயிராபத்து. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நெரிசலான நீரில் வேகம் ஆளைக் கொல்லும். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை, அமெரிக்காவில் 26 அடிக்குட்பட்ட படகுகளில் மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் விதியாக்கியிருக்கிறார்கள். சோதனை ஓட்டம் செய்கிறவர், விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கயிறும் உயிர்காப்புச் சட்டையும் இல்லாமல் த்ராட்டிலைத் தொடக் கூடாது. காலியான நீர், விலகிய கரை, உடன் பார்க்க ஒரு ஆள், இவை இல்லாத நாளில் வேகம் அளக்க வேண்டாம். அதே சமயம், இந்தக் கட்டுரை பேசிய வழிகளையும் குதிரைத்திறனைக் கூட்டும் வழியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. பெரிய எஞ்சின் முழு த்ராட்டிலில் அதிகப் பெட்ரோலை எரித்து வேகம் தருகிறது. எடை குறைத்து, அடிப்புறத்தைச் சுத்தமாக்கி, உயரத்தையும் புரொப்பெல்லரையும் பொருத்திய படகோ, உச்ச வேகம் கூடுவதோடு, நடுத்தர வேகத்தில் அதே தூரத்தைக் குறைந்த பெட்ரோலில் கடக்கிறது. உச்ச வேகத்தை ஆண்டுக்குச் சில நிமிடங்கள்கூடத் தொடாதவருக்கும் அந்த மிச்சம் ஒவ்வொரு பயணத்திலும் கிடைக்கிறது.

ஆகவே அவுட்போர்டு படகில் வேகம் வேண்டுவோர் செலவு செய்ய வேண்டிய வரிசை தெளிவாகவே இருக்கிறது. முதலில் இரு திசையிலும் அளந்து, இப்போதைய நிலையை எழுதிவைக்க வேண்டும். பிறகு தேவையற்ற எடையை இறக்கி, அடிப்புறத்தைக் கழுவி, அதன் நேரான தன்மையையும் விளிம்பையும் சோதிக்க வேண்டும். இவற்றுக்கு உழைப்புதான் செலவு. அடுத்து எஞ்சினை ஒரு துளை உயர்த்திப் பார்ப்பது. அதன்பின் சுற்று வரம்பின் மேல்பகுதியைத் தொடும் புரொப்பெல்லரைத் தேர்வது. கூடவே டிரிமைக் கையில் பழக்கிக்கொள்வது. ஒவ்வொரு படியிலும் திரும்ப அளப்பது. இத்தனைக்கும் பிறகு படகு தரும் வேகம் போதவில்லை என்றால், தகடு அனுமதிக்கும் அளவுக்குள் பெரிய எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். அப்போது அதன் முழுத் திறனையும் நீரில் இறக்கத் தயாரான படகு கையில் இருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எஞ்சினில் தொடங்குகிறவர் அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்குகிறார். ஒரு தொழிலதிபர் எஞ்சினைப் புரிந்துகொள்ள ஏரி தேடி வந்தார் என்றால், ஏற்கெனவே நீரில் படகு வைத்திருப்பவர் அந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.